மாடம்பாக்கத்துக் கொய்யாவுக்கு வந்த பறவைகள்

1

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டு மரத்தை அளக்க ஓர் அதிகாரி வந்தார். ஊரில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தாம்பரத்தில் சொந்த மனையை அளக்கவே சர்வேயர் பின்னால் ஆறு மாதம் அலைந்த குடும்பம் எங்களுடையது. இங்கே, ஜெர்மனியின் தெற்கில் நான் குடியிருக்கும் சிற்றூரில், கூப்பிடாமலே வந்து மரத்தை அளக்கிறார்கள்.

மரம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். காட்டு ஆப்பிள். நெல்லிக்காய் அளவில் காய்க்கும், மனிதர் வாயில் வைக்க முடியாது. பறவைகளுக்காகவே என் மகள் நிலோஃபர் அடம்பிடித்து வைத்தது. வேலியோரத்தில் நிற்கும் மரம் இவ்வளவு உயரம்தான் இருக்கலாம் என்று இங்கே விதி உண்டு. எங்கள் மரம் ஒரு சாண் கூடுதலாக இருந்தது.

"இதை வெட்ட வேண்டும்" என்றார் அதிகாரி. சரி, இன்றைக்கே வெட்டிவிடுகிறேன் என்றேன். "இப்போது வெட்டக்கூடாது. பறவைகள் கூடு கட்டும் காலம். அதுவும் விதி" என்றார். ஆக, வெட்டக்கூடாத மரத்தை வெட்டாமல் இருப்பதற்கு நான் எழுத்துமூலம் அனுமதி கேட்க வேண்டும். விண்ணப்பத்தை அவரே கொண்டுவந்திருந்தார்.

பதற்றத்தில் எனக்கு ஜெர்மன் காலை வாரிவிடும். மரம் கொஞ்சம் வளர்ந்துவிட்டது என்று சொல்வதற்குப் பதில், நான் கொஞ்சம் வளர்ந்துவிட்டேன், மன்னியுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். நிலோ குறுக்கே புகுந்து சரிசெய்தாள். பன்னிரண்டு வயதுதான் ஆகிறது, என்னைத் திருத்துவதில் முப்பது வருட அனுபவசாலி போல நடந்துகொள்வாள்.

"இந்த மரத்துக்குப் பறவைகள் வருவதற்கு ஆதாரம் உண்டா?" என்று கேட்டார் அதிகாரி. நிலோ உள்ளே போய் ஒரு கோப்பைக் கொண்டுவந்து பிரித்தாள். அதில் முதல் தாள் ஜெர்மனியைச் சேர்ந்ததே அல்ல. தமிழில் எழுதியது. கீழே ஊதா நிறத்தில் வட்ட ரப்பர் முத்திரை. அதிகாரிக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை, ஆனாலும் முத்திரையைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார். அந்த வகையில் எல்லா ஊர் அதிகாரிகளும் ஒன்றுதான்.

அந்தத் தாள் தாம்பரத்தில் என் அண்ணன் கடையிலிருந்து வந்தது. அது வந்து சேர்ந்த கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

எங்கள் வீடு மாடம்பாக்கத்தில் இருக்கிறது. அதில் இப்போது ஜமால் அண்ணனும் அண்ணியும் மட்டும். அண்ணனுக்குத் தாம்பரத்தில் ஹார்டுவேர், பெயிண்ட் கடை. அத்தா, அதாவது எங்கள் அப்பா, ஆரம்பித்த கடை அது.

இரண்டாயிரத்து மூன்று கோடை விடுமுறைக்குப் போனபோது நிலோவுக்கு ஏழு வயது. பள்ளியில் அவளுக்கு ஒரு சிறு கையேடு கொடுத்திருந்தார்கள். சின்னத் தோட்டத்திலும் சின்ன மரங்கள் வைக்கலாம், பறவையும் வண்டும் பட்டாம்பூச்சியும் பிழைத்துக்கொள்ளும் என்பது அதன் சாரம். ஊரில் இறங்கிய மறுநாளே பின்கட்டு வெற்றிடத்தைக் காலடியால் அளந்தாள். நீளம் ஒன்பது, அகலம் ஆறு.

அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"குருவிக்கு எதுக்குடா மரம்? அதுங்களுக்குத்தான் ஊர் பூரா கரண்டு கம்பி இருக்கே" என்றார்.

ஆனாலும் ஸ்கூட்டரில் நிலோவை முன்னால் நிறுத்திக்கொண்டு அவரேதான் நர்சரிக்குப் போனார். நர்சரிக்காரர் எடுத்த எடுப்பிலேயே, "வாஸ்துக்கு ஏத்தமாதிரி வேணுமா, சும்மா வேணுமா?" என்று கேட்டாராம். பறவைக்கு வேண்டும் என்று நிலோ சொன்னதும் அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, அப்படித் தனியாக ஒரு ரகம் தன்னிடம் வருவதில்லை என்றாராம். கையேட்டைப் பார்த்து, விசாரித்து, கடைசியில் மூன்று கன்றுகள் வாங்கி வந்தார்கள். கிளிக்கும் அணிலுக்கும் ஒரு கொய்யா. பூவில் தேன்சிட்டு வருமென்று ஒரு மாதுளை. பட்டாம்பூச்சி முட்டையிட ஒரு கறிவேப்பிலை. கொய்யாவை நிலோ தன் கையால் வைத்தாள். குழிக்குள் அவளே போய் நின்றுகொண்டு வெளியே வரமாட்டேன் என்றதும், அண்ணன் மண்வெட்டியோடு காத்திருந்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

விமான நிலையத்தில் அவள் அண்ணனிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "பெரியத்தா, யாரு யாரு வந்தாங்கன்னு எனக்கு சொல்லணும்." யாரு என்றது பறவைகளை.

3

இந்த இடத்தில் என் அண்ணனின் வியாபார முறையைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் கடையில் "இல்லை" என்ற சொல் கிடையாது. கடைக்காரன் வாயால் அது வந்தால் ராசி போய்விடும் என்பது அத்தா காலத்துச் சட்டம். கேட்ட பொருள் இருந்தால் எடுத்துக் கொடுப்பது. தீர்ந்துபோயிருந்தால் "நாளைக்கு வரும்." எந்தக் காலத்திலும் விற்றிராத பொருளைக் கேட்டாலும் "நாளைக்கு வரும்." ஒருமுறை ஒருவர் வழிதெரியாமல் வந்து இருமல் மருந்து கேட்டார். நாளைக்கு வரும் என்றுதான் அண்ணன் சொன்னார். அந்த மனிதர் மறுநாளும் வந்தார்.

கடைச் சட்டம் மெதுவாக அண்ணனின் உடம்பிலேயே ஊறிவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளைக்குக் கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, "நாளைக்கு வரும்" என்று இவர் வாய்தவறிச் சொன்னதை அண்ணி இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் என் மகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்து, பறவை வந்ததா என்று கேட்க ஆரம்பித்தாள்.

முதல் சில மாதம் "நாளைக்கு வரும்மா" என்றே ஓடியது. மரம் சின்னதுதானே, அவளும் பொறுத்துக்கொண்டாள். ஒரு வருடம் கழித்து ஒரு ஞாயிறு, "பெரியத்தா, இன்னுமா யாரும் வரல?" என்று கேட்டபோது அவள் குரல் உடைந்துவிட்டது.

"வந்துச்சும்மா. காலையில ஒண்ணு வந்துச்சு."

"எப்படி இருந்தாங்க?"

"எப்படின்னா... உடம்பு ஐவரி கலர். தலை கொஞ்சம் க்ரீம்."

பெயிண்ட் கடைக்காரர் அல்லவா, நிறத்தை அப்படித்தான் சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன். நிலோ துள்ளிக் குதித்தாள். நோட்டுப் புத்தகத்தில் ஒன்று என்று எண் போட்டு, நாளும் நேரமும் குறித்து, கலர் பென்சிலால் ஒரு பறவை வரைந்தாள்.

4

இந்த ஞாயிற்றுக்கிழமை போன் எனக்கு எவ்வளவு முக்கியம் என்று ஊரில் இருப்பவர்களுக்கு விளங்கவைப்பது கஷ்டம்.

பிள்ளைகள் ஒரேநாளில் நம் கையைவிட்டுப் போவதில்லை. முதலில் சண்டை போடும்போது ஜெர்மனில் போடுவார்கள். பிறகு கனவில் ஜெர்மன் பேசுவார்கள். ஒருநாள் நாம் "சாப்பிட்டியா" என்று கேட்போம், பதில் ஜெர்மனில் வரும், நமக்கே அது உறைக்காது. நிலோவுக்குத் தமிழ் எழுத்து சொல்லித்தர ஓர் அரிச்சுவடி அட்டை வாங்கி வந்து சமையலறையில் மாட்டினேன். சனிக்கிழமை பத்து மணிக்கு வகுப்பு. மாணவி ஒருத்தி, ஆசிரியர் ஒருவர். மூன்றாவது வாரம் மாணவி வரவில்லை. நான்காவது வாரம் ஆசிரியரும் தூங்கிவிட்டார். அட்டை கழன்று குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் விழுந்தது, யாரும் எடுக்கவில்லை.

மிச்சமிருந்தது ஞாயிறு போன். வாரத்தில் அந்த இருபது நிமிடம்தான் என் மகள் தமிழ் பேசினாள். அலகு, இறகு, கொம்பு, கிளை என்று அவள் கேட்டுக் கற்ற சொற்கள் எல்லாம் அந்த மரத்தில் காய்த்தவை. அண்ணனோடு அவளுக்கிருந்த உறவும் அதுதான். வேறு எந்தச் சொந்தக்காரரோடும் அவளுக்குப் பேச ஒன்றும் இருக்கவில்லை. "எவ்ளோ வளர்ந்துட்டே" என்பதற்கு ஒரு குழந்தை என்ன பதில்தான் சொல்லும்?

பட்டியல் வளர்ந்தது. லெமன் யெல்லோ வயிறும் கோல்டன் பிரவுன் வாலும் கொண்ட ஒன்று. ஒலிவ் கிரீன் உடம்பு, சிக்னல் ரெட் கால். ஒருநாள் ஸ்கை ப்ளூ கொண்டைகூட வந்தது. நிலோ நூலகத்திலிருந்து இந்தியப் பறவைகள் பற்றிய தடித்த புத்தகம் எடுத்து வந்து தேடினாள். பெரியத்தாவின் பறவைகளில் ஒன்றுகூட அதில் அகப்படவில்லை. புத்தகம் முழுமையாக இல்லை என்ற முடிவுக்கு வந்தாள். போட்டோ கேட்டாள். "கேமராவுக்கு ரோல் போடணும்மா, நாளைக்கு வரும்" என்றார் அண்ணன். சத்தியமா என்று கேட்டால் மட்டும் அங்கே குக்கர் விசில் அடித்துவிடும், போன் கட்டாகிவிடும். ஐந்து வேளை தொழுகிற மனிதர், பொய்ச் சத்தியம் மட்டும் செய்யமாட்டார்.

எனக்குச் சந்தேகம் வரவில்லை என்று சொன்னால் நானும் பொய்யன்தான். பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை, சிவப்புக் கால் பச்சைப் பறவை உண்மையிலேயே உங்கள் வீட்டுக்கு வருகிறதா என்று கண்ணகல விசாரித்தார். பக்கத்தில் நிலோ நிற்க, ஆமாம், காலையில் வரும் என்றேன். இந்த நாட்டில் நான் சொன்ன பொய்களிலேயே தடங்கலில்லாத இலக்கணத்தோடு வந்தது அது ஒன்றுதான்.

5

மூன்று வருடம் கழித்து ஆகஸ்டில் ஊருக்குப் போனோம். நிலோவுக்குப் பத்து வயது. அந்த வருடம் அவள் தோழிகளோடு ஏரிக்கரை முகாமுக்குப் போவதாகத்தான் இருந்தாள். மரத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக என்னோடும் என் மனைவியோடும் கிளம்பினாள். கழுத்தில் பைனாகுலர், பையில் நோட்டுப் புத்தகம், அதில் பன்னிரண்டு பறவைகள். விமானம் முழுக்க அவள் அதைப் புரட்டிக்கொண்டே வந்தாள், நான் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டு வந்தேன்.

காலை எட்டு மணிக்கு வீட்டு வாசலில் இறங்கினோம். அண்ணன் கட்டித்தழுவக் கையை விரிப்பதற்குள் அவள் பின்கட்டுக்கு ஓடிவிட்டாள். நாங்கள் பின்னாலேயே போனோம்.

கொய்யா மரம் ஓர் ஆள் உயரத்துக்கு மேலே நன்றாகப் படர்ந்து நின்றது. அதன் தலையிலிருந்து தரை வரை பச்சை நைலான் மீன்வலை போர்த்தியிருந்தது. கோவளத்துக் கடற்கரையில் சொல்லிவைத்து வாங்கிய வலை. எறும்பு வேண்டுமானால் உள்ளே போகலாம், மற்ற எந்த ஜீவனும் நுழைய முடியாதபடி கீழே செங்கல் வைத்து அழுத்தியிருந்தார். வலைக்கு மேலே பழைய சிடிகள் கயிற்றில் ஆடி வெயிலில் பளபளத்தன. எல்லாவற்றுக்கும் மேலே, கோரைப்பல்லும் மீசையும் தொங்கும் நாக்குமாக ஒரு திருஷ்டி பொம்மை, பானைத் தலையோடு எங்களை முறைத்தது.

மாதுளையில் ஒவ்வொரு காய்க்கும் அண்ணியின் பழைய துப்பட்டாவைக் கிழித்துத் தைத்த உறை. கறிவேப்பிலை மட்டும் வெறுமனே இருந்தது. அதில் புழு வைத்தால் அண்ணி காலையும் மாலையும் குச்சியால் எடுத்து வெளியே போட்டுவிடுவாராம்.

"பாத்தியாம்மா, உன் மரத்த எப்படி வச்சிருக்கேன்!" என்றார் அண்ணன். அந்த முகத்தில் இருந்த பெருமையை என்னால் மறக்க முடியாது.

பக்கத்து வீட்டு ஏழுமலை மதில்மேல் தலையை நீட்டினார். பொம்மை அவர் உபயம்.

"பாய், பாப்பா வந்துருச்சா? மரம் சோக்கா கீதுல்ல? போற வர்றவன் கண்ணெல்லாம் இதுமேலதான். அதான் நானே ஒரு பொம்மை கொணாந்து கட்டிவுட்டேன். அது வந்த நாள்லேர்ந்து ஒரு காக்கா கூட இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல!"

நிலோ நோட்டுப் புத்தகத்தைத் திறந்தபடி வலையைச் சுற்றி வந்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று.

"பெரியத்தா, ஸ்கை ப்ளூ கொண்டை எந்த வழியா வந்தாங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பொம்மையைப் பார்த்தேன். "மேல... ஒரு ஓட்டை இருக்கும்மா" என்றார் அண்ணன்.

நான் அவரைத் தனியே இழுத்துப்போய், "பறவைக்காக வைத்த மரத்துக்கு ஏன் அண்ணா வலை போட்டீர்கள்?" என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வியே புரியவில்லை.

"பின்ன? கிளியும் அணிலும் பழத்தையெல்லாம் கொத்திப் போட்டுட்டா, குழந்தை வந்து பழம் எங்கன்னு கேட்டா நான் என்னடா சொல்லுவேன்?"

குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே பதினோரு கொய்யாப் பழங்கள், ஒவ்வொன்றும் தினத்தந்தித் தாளில் சுற்றி, குழந்தை போலப் படுத்திருந்தன.

6

மறுநாள் அண்ணியின் உபசாரம் தாங்காமல் நிலோ என்னோடு கடைக்கு வந்தாள். அண்ணன் ஒருவருக்கு டிஸ்டெம்பர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கல்லா மேசைமேல் பெயிண்ட் ஷேட் கார்டு விரித்திருந்தது. நான்கு வரிசை, வரிசைக்கு எட்டுக் கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு நிறமும் அதன் பெயரும்.

நிலோ அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நோட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்தாள். முதல் கட்டம் ஐவரி. முதல் பறவையின் உடம்பு ஐவரி. அடுத்து க்ரீம், அதன் தலை. அடுத்து லெமன் யெல்லோ. விரல் கட்டம் கட்டமாக நகர்ந்தது, புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் புரண்டது. இடமிருந்து வலமாக, ஒரு கட்டத்தைக்கூடத் தாண்டாமல், அண்ணன் மூன்று வரிசையைப் பறக்கவிட்டிருந்தார். வியாபாரத்தில் இருக்கும் ஒழுங்கு பொய்யிலும் இருந்தது. ஸ்மோக் கிரே தொடங்கி நாலாம் வரிசை முழுக்க இன்னும் நான்கு பறவைகள் பாக்கி இருந்தன.

வாடிக்கையாளர் போகும்வரை காத்திருந்துவிட்டு அவள் கேட்டாள். "பெரியத்தா. பறவை வந்துச்சா, இல்லையா?"

அண்ணன் வாயைத் திறந்தார். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் போதும். அவள் அழுவாள், கோபிப்பாள், அத்தோடு முடிந்துவிடும்.

"நாளைக்கு வரும்மா" என்றார் அண்ணன்.

நிலோ நோட்டுப் புத்தகத்தை மூடினாள். அன்றிலிருந்து அவள் அந்த வீட்டில் தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணி தோசை வேண்டுமா என்றால் எனக்கு ஜெர்மனில் பதில் சொல்வாள், நான் மொழிபெயர்க்க வேண்டும். பதினோரு பழத்தில் ஒன்றையும் தொடவில்லை. என் மகளை நான் தொலைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். தொலைத்தது அண்ணன் மட்டுமல்ல, ஆசிரியையிடம் ஆமாம் போட்ட நானும்தான்.

அண்ணனைக் கண்டபடி திட்டினேன். அவர் கல்லாவைப் பூட்டிக்கொண்டே சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை போன் அடிச்சா எனக்கு எப்படி இருக்கும் தெரியுமாடா? கடைக்கு வர்றவன் எல்லாம் ஆணி இருக்கா, பைப்பு இருக்கான்னு கேப்பான். அது ஒண்ணுதான், பெரியத்தா யாரு வந்தாங்கன்னு கேக்கும். அதுகிட்ட போயி எப்படிறா..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க அந்தச் சொல் தேவைப்பட்டது.

7

மறுநாள் காலை அண்ணன் தகரம் வெட்டும் கத்தரியை எடுத்துவந்து வலையைக் கிழித்தார். சிடிகளை அறுத்தார். அண்ணி துப்பட்டா உறைகளைப் பிரித்துவிட்டு, கறிவேப்பிலைப் புழுவைத் தொடமாட்டேன் என்று என் மனைவியிடம் வாக்குக் கொடுத்தார். பொம்மையை என்ன செய்வது என்றுதான் தயங்கினோம். ஏழுமலை மனது புண்படக்கூடாதே. விஷயம் கேள்விப்பட்டு அவரே மதிலேறி வந்துவிட்டார்.

"பாப்பா மூஞ்சே சரியில்லன்னா எனக்கு எதுக்கு பாய் பொம்மை? இதெல்லாம் முன்னாடியே சொல்றதில்ல? நம்ம வூட்டு மாடில கட்டிக்கிறேன், வுடு."

அதற்குப் பிறகு அண்ணன் தினமும் விடியற்காலை ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் பின்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அசைந்தால் பறவை வராது என்று யாரோ சொன்னார்களாம், தேநீரைக்கூட ஆறவிட்டார். முப்பது வருடத்தில் முதல்முறையாகக் கடை பத்து மணிக்குத் திறந்தது. ஊரில் யாராவது தவறிவிட்டார்களோ என்று இரண்டு பேர் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். நிலோ ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் வரவில்லை. மூன்று வருடம் கதவைச் சாத்தி வைத்துவிட்டு, திறந்த மறுநாளே விருந்தாளி வர வேண்டும் என்றால் எப்படி?

கிளம்பும் நாள் வந்துவிட்டது. நிலோ கோடு போட்ட தாளில் ஒரு விண்ணப்பப் படிவம் தயாரித்திருந்தாள். ஜெர்மனியில் வளர்கிற பிள்ளை, கோபித்துக்கொண்டாலும் படிவமாகத்தான் கோபிக்கும். நாள், நேரம், எந்த மரம், எந்தக் கிளை, அலகின் வடிவம், எண்ணிக்கை, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. சாட்சிகள் உறவினராக இருக்கக்கூடாது. அதை நான் தனித் தாளில் தமிழில் எழுதித் தர வேண்டும் என்று உத்தரவு, எழுதிக் கொடுத்தேன்.

விமான நிலையத்தில் அதை அண்ணனிடம் நீட்டினாள். பதினெட்டு நாளுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து தமிழ் வந்தது.

"இனிமே போன் வேணாம் பெரியத்தா. இதுல எழுதுங்க. உண்மை மட்டும்."

அண்ணன் படிவத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

8

செப்டம்பர் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகள் சும்மா கடந்தன. நான் தனியாக அண்ணனோடு பேசினேன். "ஒன்றும் வரவில்லை என்றால் அப்படியே எழுதி அனுப்புங்களேன், அவள் கேட்டது உண்மைதானே" என்று சொல்லிப் பார்த்தேன். "எழுதலாம்டா, நாளைக்கு எழுதறேன்" என்பார். அக்டோபரும் போனது. வீட்டில் தமிழ் என்பது நானும் மனைவியும் சண்டை போடும் மொழியாகச் சுருங்கிவிட்டது.

நவம்பரில், முதல் பனி விழுந்த அன்று, தாம்பரம் அஞ்சல் முத்திரையோடு பழுப்பு உறை வந்தது. நிலோ பெயருக்கு. நான் கையை நீட்டினேன். அவள் தரவில்லை.

"நீங்க படிக்கக்கூடாது அத்தா. நீங்களும் பொய்."

"அம்மா படிக்கட்டுமே."

"அம்மா உறவினர்."

விதி விதிதான். கொஞ்ச நேரம் தாளைத் தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்க் குளிர்சாதனப் பெட்டியைத் தோளால் முட்டித் தள்ளி, பின்னால் கைவிட்டு, ஒட்டடை படிந்த அரிச்சுவடி அட்டையை எடுத்தாள். துடைத்து மேசைமேல் வைத்து, கடிதத்தில் ஓர் எழுத்து, அட்டையில் ஓர் எழுத்து என்று விரல் வைத்துத் தேட ஆரம்பித்தாள். நான் எதிரே உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டேன். ணகரத்துக்கு னகரம் படித்தபோதுகூட வாயைத் திறக்கவில்லை. ஒரு தகப்பனுக்கு அதைவிடப் பெரிய தண்டனையும் கிடையாது, சந்தோஷமும் கிடையாது.

முதல் வரிக்குப் பத்து நிமிடம் ஆனது. "நா-ள். வெ-ள்-ளி." அப்புறம் நேரம், காலை ஆறு நாற்பது. மரம், கொய்யா. கிளை, மதில் பக்கம். அலகு, வளைவு, சிவப்பு. ஷேட் கார்டு பார்த்து எழுதியது அல்ல. "கி-ளி" என்று படித்துவிட்டு அவள் நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். எண்ணிக்கை, முதலில் இரண்டு, பிறகு எண்ண முடியவில்லை. அணில், நான்கு. சாட்சி ஒன்று, ஏழுமலை, பக்கத்து வீடு. சாட்சி இரண்டு, தண்ணீர் கேன் போடுகிறவர். அதன்கீழே கடையின் ஊதா முத்திரை.

முத்திரைக்கும் கீழே, படிவத்தில் இடமே விடாத ஓரத்தில், அண்ணனின் கோணல் கையெழுத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது, மனைவி விளக்கைப் போட்டாள். நிலோ விரலை அட்டைக்கும் தாளுக்குமாக மாற்றி மாற்றி வைத்து உரக்கப் படித்தாள்.

"உ-ன-க்-கு... ப-ழ-ம்... இ-ல்-லை."

ஒருமுறை சேர்த்துப் படித்தாள். பிறகு நாற்காலி பின்னால் சரிந்துவிழ எழுந்து நின்றாள்.

"அத்தா! பெரியத்தா 'இல்லை'ன்னு எழுதியிருக்காங்க!" என்று கத்திக்கொண்டே போனை எடுக்க ஓடினாள்.